வெளிக்கு என்ன வாடகை

நாற்காலி ஒன்றுக்கு நாளுக்கு 8 ரூபாய். பெரிய ஜமுக்காளம் 40, சின்னது 25. சாமியானா சதுர அடிக் கணக்கு. மைக் செட்டுக்கு மட்டும் நிலையான ரேட் கிடையாது. கல்யாணத்துக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று, கட்சிக் கூட்டம் என்றால் முழுப் பணமும் முன்னாலேயே எண்ணி வைக்க வேண்டும். பேரிகையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் 1991-இல் 50 இரும்பு மடக்கு நாற்காலி, ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர் என்று ஆரம்பித்த கடை. ஐயப்ப பஜனை, உரூஸ், ஜெபக் கூட்டம், பெரியார் விழா எல்லாவற்றுக்கும் என் நாற்காலிதான் போயிருக்கிறது. மறுநாள் காலையில் தண்ணீர் அடித்துக் கழுவி அடுக்கிவிட்டால், முந்தின நாள் தன்மேல் யார் உட்கார்ந்தார் என்று அதற்கே தெரியாது.

ஆகவே நாலு பேர் கூடுவதற்கு என்ன செலவாகும் என்று யார் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்லிவிடுவேன் என்றுதான் எண்ணியிருந்தேன். போன வருஷம் பெங்களூரில் ஒரு பழைய கல்லூரியின் ஆபீஸில் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்கள். அன்றைக்கு என் கணக்குத் தடுமாறியது.

கதையை முன்னாலிருந்து சொல்லவேண்டும். என் குடோனில் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். சிப்காட்டில் லேத் ஓட்டுகிற பையன், தக்காளியும் சாமந்தியும் போடுகிற இரண்டு விவசாயிகள், கோயில் பூசாரியின் தம்பி, தையற்கடை பாய் என்று கலவையான கூட்டம். வீட்டில் பாதிப் பேர் தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான் எல்லோருக்கும் பொது. படிக்கிற புத்தகம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் என்கிற அத்வைத நூல். தத்துவ விளக்கப் படலம், சந்தேகந் தெளிதற் படலம் என்று இரண்டே பாகம், ஏறக்குறைய 300 பாட்டு. நாங்கள் ஆறு வருஷமாகப் படித்தோம். ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் சண்டை போட்டதும் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவரை சார் என்போம். அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுத்தவர், எண்பது தாண்டிவிட்டது. காவி இல்லை, கொட்டை இல்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இன்னும் ஒரு சாக்பீஸ் துண்டு.

நூல் முடிகிற மாதத்தில் சார் ஒரு ஆசை சொன்னார். கடைசிப் பாட்டைத் தான் பி.எஸ்ஸி. படித்த கல்லூரியில், தான் உட்கார்ந்த ஹாலில் வைத்துப் படிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பையன்கள் படிக்க பெங்களூருக்கு வண்டியேறுவது இன்று நேற்று நடப்பதல்ல. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பு முடித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில்தான் பி.ஏ. வாங்கினார், சட்டத்துக்குத்தான் மெட்ராஸ் போனார். சாரும் அதே தடத்தில் 1961-இல் போனவர். சென்ட்ரல் காலேஜ் இல்லை, வேறொன்று. அதுவும் கருங்கல் கட்டடம், உயர்ந்த ஜன்னல், மரப்படி என்று வயசான கல்லூரிதான். பெயர் வேண்டாம். இப்போது அவர்கள் வகுப்பு இல்லாத நாட்களில் ஹாலை வெளியாருக்கு விடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் பூசாரியின் தம்பிக்கு முகம் சுருங்கியது. “சரஸ்வதி இருக்கிற இடத்தைக் கல்யாண மண்டபம் மாதிரி வாடகைக்கு விடலாமா?” என்றார். உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது என்றார் சார். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பல நூற்றாண்டுப் பழைய கல்லூரிகள் விடுமுறையில் தங்கள் சாப்பாட்டுக் கூடத்தையும் வகுப்பறைகளையும் மாநாட்டுக்காரர்களுக்கு விடுகின்றன. மாணவன் படுத்த அறையில் கம்பெனி மேனேஜர் படுக்கிறான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு மண்டபத்தில் பட்டமளிப்பு நடக்கிற அதே மேடையில் வெளியார் விழாவும் நடக்கிறது. கூரை ஒழுகினால் சரஸ்வதியா வந்து ஓடு மாற்றுவாள்?

நான் பெங்களூர் போனேன். படிவம் ஒரு பக்கம். பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை, அட்வான்ஸ். அதற்குக் கீழே ‘நிகழ்ச்சியின் தன்மை’ என்று நாலு கட்டம்: கல்வி, சமயம், வணிகம், குடும்பம். கல்விக்குப் பாதி வாடகை. சமயத்துக்கு முழுசு. வணிகத்துக்கு ஒன்றரை மடங்கு. ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

“யாவ காரியக்ரமா?” என்றார் கிளார்க். என்ன நிகழ்ச்சி என்று கேட்கிறார்.

புத்தகம் படிக்கப் போகிறோம் என்று கன்னடத்திலேயே சொன்னேன். யார் எழுதின புத்தகம் என்றார். தாண்டவராய சுவாமிகள் என்றேன்.

“ஸ்வாமி அந்த்ரே தார்மிகவே அல்வா?” என்று சிரித்தார். சுவாமி என்றால் சமயம்தானே.

பதில் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று படிவத்தை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அத்திப்பள்ளி தாண்டும்வரை அந்த நாலு கட்டம்தான் கண் முன்னால்.

நான் அந்தக் கிளார்க்கைக் குறை சொல்லமாட்டேன். நானே ஆளைப் பார்த்து ரேட் சொல்கிறவன். சாவு வீட்டுக்குக் குறைத்து வாங்குகிறபோது, துக்கத்துக்கு ஒரு கட்டமும் சந்தோஷத்துக்கு ஒரு கட்டமும் நானும் வைத்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம். சர்க்காருக்கும் கட்டம் இருக்கிறது. அறக்கட்டளைக்குச் சொந்தமான, பொதுமக்கள் வந்து போகிற வழிபாட்டுத் தலத்து மண்டபத்தை வாடகைக்கு விட்டால், நாள் வாடகை 10,000 ரூபாய்க்குள் இருக்கிறவரை ஜி.எஸ்.டி. கிடையாது. 10,000 ஆகிவிட்டால் வரி உண்டு. அதாவது 9,999 வரை சாமி காரியம், இன்னொரு ரூபாய் கூடினால் வியாபாரம். என் ஆடிட்டர் இதைச் சொன்ன அன்றைக்கு நானும் அவரும் வெகுநேரம் சிரித்தோம். ஆனால் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்?

செவ்வாய்க்கிழமை படிவத்தை நடுவில் வைத்தேன். லேத் பையனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. “கல்வின்னு போடுங்கண்ணா, பாதிக் காசு மிச்சம்.” விவசாயி ஒருவர், அத்வைதம் படிக்கப் போகிற இடத்தில் பொய்க் கையெழுத்தா என்று மடக்கினார். பூசாரியின் தம்பி, முழுப் பணம் கட்டிச் சமயம் என்றே போடலாம், குறைகிறதைத் தான் தருவதாகச் சொன்னார். இதுவரை பேசாத பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நீங்க சமயம்னு போட்டா நான் எப்படிண்ணா வர்றது? நான் என் தொழுகையை முடிச்சிட்டு இங்க படிக்க வர்றேன். ஆறு வருஷமா நான் படிக்கத்தான் வந்துக்கிட்டிருக்கேன்.”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. குடோன் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும். சார் சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஜனகன் கதையைச் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் வாடகைப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் கேட்டோம்.

பிருகதாரண்யக உபநிடதத்தில் வருவது. ஜனகன் பெரிய யாகம் செய்து அறிஞர்களைக் கூட்டுகிறான். ஆயிரம் பசுக்களை அடைத்து, ஒவ்வொன்றின் கொம்பிலும் தங்கம் கட்டி, உங்களில் பிரம்மத்தை நன்றாக அறிந்தவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறான். யாருக்கும் துணிவு வரவில்லை. யாக்ஞவல்கியர் எழுந்து, தம் சீடனிடம் பசுக்களை வீட்டுக்கு ஓட்டு என்று சொல்லிவிடுகிறார். சபை கொதிக்கிறது. எங்களில் பெரிய ஞானி நீர்தானோ என்று கேட்கிறார்கள். ஞானிக்கு என் வணக்கம், எனக்குப் பசு வேண்டும், அவ்வளவுதான் என்கிறார் அவர். எந்தக் கட்டத்திலும் அடங்காத பதில். கல்வியா, சமயமா? பசுவைப் பார்த்தால் வணிகம் மாதிரியும் இருக்கிறது. பசுவை ஓட்டிய பிறகுதான் கேள்விகளே தொடங்குகின்றன. கட்டணம் முதலில், பாடம் பிறகு. என் கட்சிக் கூட்ட ரேட் மாதிரி.

அந்தச் சபையில்தான் கார்க்கி எழுந்து கேட்கிறாள். வானத்துக்கு மேலும் பூமிக்குக் கீழும் உள்ளது, நேற்றும் இன்றும் நாளையும் ஆனது, இதெல்லாம் எதில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறது? ஆகாசத்தில் என்கிறார் யாக்ஞவல்கியர். சரி, அந்த ஆகாசம் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? அழியாத ஒன்றில் என்று அவர் சொல்லப்போக, பேச்சு நாம் போகமுடியாத இடத்துக்குப் போகிறது. நான் அங்கே போகவில்லை. ஆகாசத்திலேயே நின்றுவிட்டேன். என் தொழில் அதில்தான் இருக்கிறது.

வெளி என்பதை வேதாந்திகள் குடத்தை வைத்து விளக்குவார்கள். மாண்டூக்கிய காரிகையின் மூன்றாம் பகுதியில் கௌடபாதர் சொன்னது. எங்கள் சாருக்கும் பிடித்த உவமை. குடத்துக்குள் இருக்கிற வெளியும் வெளியே இருக்கிற வெளியும் ஒன்றுதான். குடம் இருப்பதால் இது குட வெளி, அது பெரு வெளி என்று இரண்டு போலத் தெரிகிறது. குடம் உடைந்தால் உள்வெளி எங்கும் போய்ச் சேரவேண்டியதில்லை. அது முன்பே அங்கேதான் இருந்தது. ஒரு குடத்துக்குள் புகை நிரம்பினால் மற்றக் குடங்களின் வெளி அழுக்காவதில்லை. அந்தக் குடத்து வெளியும் உண்மையில் அழுக்காவதில்லை.

இதை ஒப்புக்கொண்டால் பூசாரியின் தம்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஹாலுக்குள் இருக்கிற வெளி, கல்யாணத்தாலும் கம்பெனி மீட்டிங்காலும் கெடாது. ஆனால் கெடாது என்றால் அதில் எதுவும் ஒட்டாது என்றும் ஆகிறதே? அப்படியானால் சார் எதற்கு எண்பது வயதில் அந்த ஹாலுக்குப் போகத் துடிக்கிறார்? 1961-இல் அவர் உட்கார்ந்த வெளியும் என் குடோனில் இருக்கிற வெளியும் ஒன்றென்றால், என் குடோன் இலவசம்!

இதை நான் கிண்டலாகத்தான் கேட்டேன். சார் கோபித்துக்கொள்ளவில்லை. “நீயே சொல்லு. நீதான் குடம் விக்கிறவன்” என்றார்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். யோசிக்க என்னிடம் இருந்தது ஒரே சாமான், சத்தம். வைசேஷிக சாத்திரத்தில் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு குணம் சொல்லும்போது ஆகாசத்தின் குணம் சத்தம் என்கிறார்கள். சத்தம் இருப்பதை வைத்துத்தான் ஆகாசம் இருப்பதையே ஊகிக்கிறார்கள். சார் இதைச் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்காலி மண், குடிதண்ணீர் டிரம் நீர், சீரியல் செட் நெருப்பு, பெடஸ்டல் ஃபேன் காற்று, மைக் செட் ஆகாசம். ஐந்து பூதத்தையும் டெம்போவில் ஏற்றி இறக்குகிறவன் நான் என்று மனைவியிடம் பெருமை அடித்தேன். டீசல் பாக்கியை முதலில் கட்டு என்றாள்.

சத்தம் பழகினவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் வேதாந்தப் புத்தகத்தில் இல்லை. குடம் முக்கியம். திறந்த மைதானத்தில் எவ்வளவு பெரிய ஞானி பேசினாலும் நாலாவது வரிசைக்குப் பின்னால் குரல் செத்துவிடும். துணிப் பந்தலுக்குள் குரல் மென்மையாக விழும், எக்கோ அடிக்காது. கருங்கல் மண்டபத்தில் ஒரு சொல் முடிவதற்குள் முந்தின சொல் திரும்பி வந்து அதன் மேல் ஏறும். பேசுகிறவரும் வெளியும் மாறாமல் குடம் மட்டும் மாறினால்கூடப் பேச்சு வேறாகிவிடுகிறது. குடமில்லாத வெளியில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்லால மரத்தடியில் மௌனமாக இருந்த தட்சிணாமூர்த்தியை விட்டுவிடுங்கள். அவருக்கு மைக் செட் தேவையில்லை.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி மெட்ராஸ் வந்தபோது விக்டோரியா பப்ளிக் ஹாலில் கூட்டம். உள்ளே கொள்ளாத ஜனம் வெளியே திரண்டுவிட்டது. அவர் ஹாலை விட்டு வெளியே வந்து ஒரு குதிரை வண்டியின் மேல் ஏறி நின்று, கீதை முறையில் தேரிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிப் பேசினார். ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் விரிவாகப் பேச முடியாமல் சுருக்கமாக முடித்துக்கொண்டார். குடம் உடைந்தது, உள்வெளி பெருவெளியில் கலந்தது, ஆனால் பேச்சு யார் காதிலும் சரியாக விழவில்லை. அதே மாதம் மெட்ராஸில் அவருடைய கடைசிப் பேச்சை ஒரு பெரிய கூடாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே வைத்தார்கள். அந்தக் கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டினவன் யாரோ, என் தொழில்காரன். அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொன்று, சார் வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னது. 1928 பிப்ரவரி 28-இல் சி.வி. ராமன் கல்கத்தாவில் தம் ஒளிச்சிதறலைக் கண்டார். அதை விரிவாகச் சொன்னது பெங்களூரில், மார்ச் 16-ஆம் தேதி. சென்ட்ரல் காலேஜ் அறிவியல் கழகமும் தென்னிந்திய அறிவியல் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டம். இரண்டு வருஷத்தில் நோபல். ராமன் அதற்கு முன்பே லண்டன் செயின்ட் பால் தேவாலயத்திலும் பிஜாப்பூர் கோல் கும்பஸிலும் குசுகுசுத்த குரல் வளைந்த சுவரை ஒட்டி எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தவர். மிருதங்கத்தின் நாதத்தையும் கணக்குப் போட்டவர். சுவருக்கும் சத்தத்துக்கும் என்ன உறவு என்று அவருக்குத் தெரியும். அந்த மார்ச் மாத ஹாலில் அவர் சொன்ன சொல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சத்தம் சில விநாடியில் செத்துவிடும், இயற்பியலும் வைசேஷிகமும் இதில் ஒரே கட்சி. ஆனால் அந்த இடத்தைக் காட்டினால் நமக்குச் சிலிர்க்கிறது. சிலிர்ப்பு எங்கே இருக்கிறது, சுவரிலா, நம் தோலிலா?

சுவர் மறக்காத இடமும் உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்குக் குடவோலையில் ஆளெடுக்கும் விதிகளைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் உறவுக்காரனுக்கும் இல்லை. வாடகை பாக்கி வைத்தவர்களை நினைத்துக்கொண்டு இந்த விதியை நான் பலமுறை ரசித்திருக்கிறேன். அது கோயிலா, பஞ்சாயத்து ஆபீஸா? அந்த ஊர்க்காரர்களிடம் நம் கிளார்க்கின் படிவத்தைக் கொடுத்திருந்தால் நாலு கட்டத்துக்கும் டிக் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நம் சாமிக்கே பொன்னம்பலம், வெள்ளியம்பலம் என்று ஐந்து சபை. சிதம்பரத்தில் சாமி ஆடுகிற இடத்துக்கு நாம் வைத்த பெயர், ஊரார் கூடுகிற இடத்துக்கு வைத்த அதே பெயர், அம்பலம். திரையை விலக்கினால் அங்கே தெரிவது தங்க வில்வ மாலை தொங்குகிற வெற்று வெளி.

அவை என்ற சொல்லைப் பாருங்கள். கட்டடமும் அவை, அதில் உட்கார்ந்தவர்களும் அவை. குறளில் ‘அவை அறிதல்’ என்றால் மண்டபத்தை அளப்பதல்ல, கேட்கிறவர்களை எடைபோடுவது. சபை என்றாலும் அப்படியே. எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் சபைக்குப் போனேன் என்பார்கள், சபை கூடியது என்பார்கள். இடத்தையும் ஆளையும் பிரித்து வைக்க நம் மொழிக்கு மனசு வரவில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது என்ன என்பது ஹாலுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

கட்ட விவகாரத்தைச் சார்தான் முடித்தார். “நம்பச் சொன்னா அது சமயம். சந்தேகப்பட விட்டா அது கல்வி. நாம படிக்கிற நூல்ல பாதிக்குப் பேரே சந்தேகந் தெளிதல். நீ கல்வின்னே போடு.” எனக்கு முழுச் சம்மதமில்லை. ஒவ்வொரு செவ்வாயும் தொடங்கும்போது கற்பூரம் ஏற்றுகிறோம், முடியும்போது பொரியும் உடைத்த கடலையும் கொடுக்கிறோம். இயற்பியல் வகுப்பில் கற்பூரம் ஏது? ஆனால் பாய் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபிறகு வாதாட மனமில்லை. கல்வியில் டிக் அடித்தேன், பாதி வாடகை. இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை.

வேனில் வீட்டுப் பெண்களும் சேர்த்து 32 பேர். பின்னால் என் டெம்போ. சாமான் இல்லாமல் எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. ஹாலில் 250 மர இருக்கை, முப்பதடி உயரக் கூரை, கல் தரை. அவர்களுடைய மைக் இருந்தது. சார் மேடைக்குப் போய், “எல்லாரும் வந்தாச்சா?” என்றார். வந்தாச்சா, வந்தாச்சா, சா என்று ஹால் முழுக்கச் சுற்றியது. அவர் கொஞ்சம் நிறுத்தி மறுபடி பேசினார். பாட்டின் முதலடி முடிவதற்குள் அதன் தலை திரும்பி வந்து வாலைக் கடித்தது. மைக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தும் பயனில்லை. எண்பது வயசுக் குரல். மெல்ல வருகிறது, ஆனால் போக மறுக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் இந்த ஹாலில் தெளிவாகக் கேட்டதே என்று அவருக்கே குழப்பம். முகம் வாடிப்போயிற்று.

எனக்குக் காரணம் தெரியும். அன்றைக்கு ஹால் நிரம்பியிருந்தது. காலி மண்டபத்தில் மைக் டெஸ்டிங் செய்யும்போது அலறுகிற எக்கோ, ஜனம் வந்து உட்கார்ந்ததும் தானாக அடங்குவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். டெம்போவுக்கு ஓடினேன். 24 ஜமுக்காளம் இருந்தது. லேத் பையனும் நானும் காலி இருக்கைகளின் மேல் விரித்தோம், நடைபாதையில் விரித்தோம், பின் சுவர் ஜன்னல்களில் தொங்கவிட்டோம். கிளார்க் ஓடி வந்தார். ஆணி அடிக்கவில்லை, சும்மா போர்த்துகிறோம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். எல்லோரையும் மேடைக்குக் கீழே நெருக்கி உட்காரவைத்தேன். சார் மறுபடி வாயைத் திறந்தார். குரல் வந்தது, நின்றது, அடங்கியது.

அவர் பாட்டைத் தொடங்கவில்லை. “சபைன், சபைன்!” என்று குழந்தை மாதிரிக் கைதட்டினார். பிறகு, கைவல்யத்தை மடியில் வைத்துக்கொண்டே, பத்து நிமிஷம் இயற்பியல் பாடம் எடுத்தார். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் சொற்பொழிவு ஹாலில் பேசினால் யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டே இருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் இரவல் வாங்கிச் சுமந்து வருவார். ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, சத்தம் எத்தனை விநாடியில் சாகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பார். மெத்தையைக் கூட்டுவார், மறுபடி ஊதுவார். விடிவதற்குள் எல்லா மெத்தையும் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். (இதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்மேல் தனி மரியாதை வந்தது. இரவல் சாமானை நேரத்துக்குத் திருப்புகிறவர்கள் குறைவு.) கடைசியில் ஒரு கணக்கு கிடைத்தது, அதை வைத்துத்தான் 1900-இல் பாஸ்டன் சிம்பனி ஹாலைக் கட்டினார்கள். அந்தக் கணக்கில் ஒரு வரி: ஒரு ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஆறு மெத்தைக்குச் சமம்.

“ஆறு மெத்தை” என்று சார் எங்களைச் சுட்டினார். “கேக்கறவன் ஒவ்வொருத்தனும் சத்தத்தை வாங்கி உள்ள வச்சுக்கறான். அப்பத்தான் அடுத்த சொல்லுக்கு இடம் கிடைக்குது.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாடகை எதற்கு என்று இத்தனை நாள் குழம்பியது கொஞ்சம் தெளிந்தது. காலி ஹால் யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதற்குப் புரியாது. பூசாரியின் தம்பி தேடிய புனிதம் அந்தச் சுவரில் இல்லை. சார் தேடியது அந்த வெளியிலும் இல்லை. அவர் தேடியது 1961-இல் தன்னைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்த 250 உடம்பு. ஆனால் அந்த உடம்புகளை ஒரே சமயத்தில் ஒரே பக்கம் பார்க்கவைத்தது இந்தச் சுவர்தான். எனவே குடத்துக்கும் பங்கு உண்டு என்பதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அத்வைதிகள் கோபித்தால் கோபிக்கட்டும். கௌடபாதர் குடத்தை உடைத்துக் காட்டினார். அதை வனைந்தவனைப் பற்றியோ கழுவிக் கவிழ்த்து வைக்கிறவனைப் பற்றியோ அவர் பேச வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பேசவேண்டியிருக்கிறது, அதுதான் என் சோறு. கல்லூரிக்காரன் வாங்குகிற காசும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். முந்தின கூட்டத்தின் குப்பையை வாரி வெளியில் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி ஹாலை நம் கையில் கொடுப்பதற்கு.

பிறகு கடைசிப் பாட்டைப் படித்தார். இரண்டு முறை. விளக்கம் சொல்லவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிளார்க் பின்வரிசையில் ஜமுக்காளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்தேன். தமிழ் எவ்வளவு புரிந்ததோ. கற்பூரம் ஏற்றவில்லை, அது மர இருக்கை உள்ள இடம். பொரி கடலை மட்டும் காகிதப் பொட்டலத்தில் கைக்குக் கை போயிற்று. நேரம் முடியப் பதினைந்து நிமிஷம் இருக்கையில் ஜமுக்காளங்களை உதறி மடித்து, எண்ணி, டெம்போவில் ஏற்றினோம். 24-ம் சரி.

அட்வான்ஸைத் திரும்ப வாங்க ஆபீஸுக்குப் போனபோது சாரும் கூட வந்தார். கிளார்க் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். சுவர், இருக்கை, மைக் எல்லாம் சரி என்று எழுதினார். சுத்தம் செய்வதற்கு என்று 200 ரூபாய் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். மூடியிருந்த கையை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளங்கையில் நாலைந்து பொரி, ஒரு உடைத்த கடலை. மேலே படிவத்தில் நான் டிக் அடித்த கட்டத்தை ஒரு முறை பார்த்தார், சாரை ஒரு முறை பார்த்தார்.

“இது யாவ சப்ஜெக்ட் சார்?”

சார் அந்தக் கையிலிருந்து ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.